கூட்டித் துடைத்த களப்பு

எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இப்போது ட்ரோன் ஒன்று வந்திருக்கிறது. பென்சன் எடுத்தபின் நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போனால் கதிரை தருவார்கள், தேத்தண்ணீர் தருவார்கள், பிறகு ஆளாளுக்குத் தங்கள் கணினியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எனக்கு எழும்பி வரவும் மனமிராது, இருக்கவும் மனமிராது. ஆனால் ட்ரோன் வந்த கதையைக் கேட்டதும் பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். தும்பி மாதிரி எழும்பிப் போய், நாங்கள் ஒரு மாரி முழுக்கச் சேற்றில் காலைப் புதைத்து அளந்த நிலத்தை, என் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் படம்பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. பொறாமை என்றால் பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதை இயக்குகிற துஷ்யந்தி என்ற இளம் பொறியியலாளர் கெட்டிக்காரி. களப்புப் பிரச்சினை நடந்தபோது களத்தில் நின்றது நீங்கள்தானே, அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எழுத்தென்றால் எனக்கு அறிக்கை எழுத்துத்தான் வரும். 'அவதானிக்கப்பட்டது', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றே கை போகும். இடையில் எங்காவது அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மானிப்பாய்க்காரன். தண்ணீர் வேலைக்கு வந்தது ஆசைப்பட்டல்ல. கேட்ட வேலை கிடைக்கவில்லை, கிடைத்த வேலை இது. தென்னிலங்கையில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் மட்டக்கருவியைப் பிடிக்கவும், சிங்களத்தில் பகிடி விடவும், வாய்க்காலின் சரிவைக் கணக்கிடவும் பழக்கினார்கள். பகிடிதான் முதலில் வந்தது. திரும்பி வந்தால் யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. ஆறு இல்லாத ஊரில் நீர் உத்தியோகத்தன் என்று என் சிநேகிதர்கள் கலியாண வீடுகளில் வைத்துச் சிரித்தார்கள். மழையும் கிணறும்தான் எங்கள் சொத்து. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் கீழே நல்ல தண்ணீர். அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். மேலேயிருந்து இறைத்துக்கொண்டே போனால் கீழே இருப்பது எழும்பி வரும். இதுதான் என் உத்தியோகத்தின் முழுக்கதை. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் இராசரத்தினம் சேர். அவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை எழுத முடியாது. ஆளைப் பார்த்தால் பாடசாலை அதிபர் மாதிரி இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் பென்சில், வாயில் கராம்பு. அணைக்கட்டில் ஜீப் ஏறக்கூடாது என்பது அவர் சட்டம். ஜீப்பைத் தெருவில் நிறுத்திவிட்டு வெயிலில் நடப்பார், பின்னால் நாங்களும் நடக்க வேண்டும். கிணற்று உப்பை மீற்றரால் அளந்து சொன்னாலும் போதாது. "நாக்கிலையும் வைச்சுப் பாரும்" என்பார். மீற்றர் எதற்கு வாங்கினது என்று நான் உள்ளுக்குள் திட்டாத நாளில்லை.

எல்லாவற்றிலும் கொடுமையான சட்டம் இன்னொன்று. களத்தைப் பற்றி எந்த அறிக்கை வந்தாலும், அது நாங்கள் எழுதினதோ வேறு ஆரும் எழுதினதோ, அவர் கையெழுத்து வைப்பதற்கு முதல் அந்த இடத்துக்கே கொண்டுபோய், அந்த ஆட்களுக்கு முன்னால் நின்றபடி சத்தமாக வாசிக்க வேண்டும். இருந்து வாசிக்கக் கூடாது. சுருக்கிச் சொல்லக் கூடாது. இங்கிலீசில் இருந்தால் தமிழாக்கிக்கொண்டு போக வேண்டும். ஏன் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"ஆரைப் பற்றி எழுதியிருக்கோ அவையின்ரை மூஞ்சைக்கு முன்னாலை நிண்டு வாசியும்" என்றார். "வாசிக்கேக்கை உம்மடை குரல் எந்த இடத்திலை தடக்குதோ, அந்த இடத்திலை பிழை கிடக்கு. திரும்பி வந்து எனக்கு அந்த இடத்தை மட்டும் சொன்னால் காணும்."

இதனால் நாங்கள் வாங்கிய பேச்சுக் கொஞ்சமல்ல. மடைக் கதவு நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிய அறிக்கையை அந்த மடையில் வைத்தே வாசித்து, விவசாயிகள் எங்களை ஓட்டாத குறை. சேர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரிய திட்டம் வந்தது யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின். வன்னியில் ஓடும் ஆறொன்றின் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பி எங்கள் பக்கம் கொண்டுவருவது. கொண்டுவந்து, கடல்நீர் உள்ளே வந்து போகிற உப்புக் களப்புக்குள் விடுவது. களப்பின் கடல்வாயை அணைபோட்டு ஒரேயடியாக அடைத்துவிடுவது. சில வருடத்தில் உப்பு கழுவுண்டு போய்க் களப்பு முழுவதும் நன்னீர் ஏரியாகும், சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் இனிக்கும் என்று சொன்னார்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நீல நிறம் அடித்த அந்தப் படத்தை நான் நின்று பார்த்தேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஏன் ஆசை வந்தது என்றால், என் அக்காவை நீர்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு வாழைத் தோட்டம். இதரையும் கதலியும் அவர் தோட்டத்தில் குலை தள்ளுவதைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு வடிவு. அந்தக் கிணறு உவர்க்கத் தொடங்கியிருந்தது. முதலில் அக்காவின் தேத்தண்ணீரில் தெரிந்தது. பிறகு வாழையிலையின் கரை கருகியது. அத்தான் வாய் திறந்து முறையிடுகிற மனிதரல்ல. ஆனால் ஒருநாள் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, மகனைத் தோட்டத்தில் இறக்குவதா வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று என்னைக் கேட்டார். திட்டத்துக்கு ஆதரவாகத் தோட்டக்காரர் சங்கம் கூடியபோது அத்தான்தான் முன்னுக்கு நின்றார்.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. வன்னி நெல் விவசாயிகள் தங்கள் கடைசி மடை வயலுக்கே தண்ணீர் காணாதபோது மிச்சம் எங்கேயிருந்து வரும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, ஆனால் அது எங்கள் பிரிவுக்குள் வராது. எங்கள் பிரிவுக்குள் வந்தது களப்புக் கரையில் இருந்த ஒரு சின்னக் கத்தோலிக்க ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுதினதை அங்கே போய் வாசிக்க வேண்டிவரும்.

அந்த ஊர் இறாலில் சீவிக்கிறது. மாரியில் கடலிலிருந்து இறால் குஞ்சு களப்புக்குள் ஏறும். உள்ளே தின்று பெருத்துத் திரும்பக் கடலுக்குப் போகும்போது பிடிப்பார்கள். களப்புத் தரையில் கம்புகளை வரிசையாக ஊன்றி, வலையைச் சுருளாக வளைத்துக் கட்டுவார்கள். உள்ளே போன இறாலுக்கு வெளியே வர வழி தெரியாது. களங்கண்டி என்பார்கள். எந்தக் களங்கண்டி எந்த இடத்தில் நிற்பது என்பது ஆளுக்கு ஆள் அடித்துப் பிடிக்கிற விஷயமல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அதைப் பாடு என்பார்கள். நத்தார்ப் பண்டிகை கழிந்தபின் கோயில் மண்டபத்தில் ஓலைப்பெட்டிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கடல்வாயை ஒட்டின பாடு விழுந்தவனுக்கு அந்த வருடம் ராசவாழ்க்கை. சேற்று மூலை விழுந்தவன் அடுத்த வருடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சீட்டை எடுக்கிற கை வலை இல்லாத கையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழமை. பெரும்பாலும் பங்குச் சுவாமியார் எடுப்பார்.

இன்னொரு வழமையும் இருந்தது. கட்டினவன் செத்துப்போனாலும் பெட்டியிலிருந்து அந்த வீட்டுச் சீட்டுப் போகாது. பெண்சாதியின் பெயரில் சீட்டு விழும். பக்கத்துப் பாடு விழுந்தவர்கள் அவளுக்கும் சேர்த்துக் கம்பு ஊன்றிக் கொடுப்பார்கள். படுகிற இறால் அவளுக்கு. பிலோமினா அக்கா அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். குருநகரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். புருசன் கடலில் போய்விட்டான், இரண்டு பெண்பிள்ளைகள். விடிந்ததும் விளக்குமாற்றோடுதான் அவரைக் காணலாம். அந்த முற்றத்தில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம் என்று ஊரே சொல்லும். படகு இல்லை, படகுக்கான அனுமதிப்பத்திரம் இல்லை. திட்டத்தில் நட்டஈடு என்று சொல்லப்பட்டது அனுமதிப்பத்திரம் உள்ள படகுக்கு மட்டும். களப்பு அடைபட்டால் அவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. இதை அவர் என்னிடம் அழுது சொல்லவில்லை. இறாலை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே, சந்தை நிலவரம் சொல்வது மாதிரிச் சொன்னார்.

திட்டத்துக்கான ஆய்வை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் குழு ஒன்று செய்தது. அவர்களுடைய அறிக்கை இங்கிலீசில் வந்தது. களப்புக் கரைப் பகுதியைத் தமிழாக்கி ஊரில் வாசித்துவிட்டு வரச் சொல்லி சேர் என்னைத்தான் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் சனம் கூடியது. அந்தோனிப்பிள்ளை அண்ணை, அவர்தான் மீனவர் சங்கத் தலைவர், எனக்கு ஒலிவாங்கி பிடித்துக்கொண்டு நின்றார்.

மண், மழை, தண்ணீர் ஆழம் எல்லாம் வாசித்துக்கொண்டு போனேன். பிறகு இந்த வசனம் வந்தது. "கள ஆய்வின்போது கரையோரம் வெறுமையாகவும் துப்புரவாகவும் காணப்பட்டது. குறிப்பிடத்தக்க மீன்பிடி நடவடிக்கை எதுவும் அவதானிக்கப்படவில்லை."

குரல் தடக்கியது. தடக்காமல் என்ன செய்யும்? எனக்கு முன்னால் இருந்த ஒருவரின் சாரத்தில் அப்போதும் உரித்த இறாலின் கோது ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் எதிர்பார்த்தது கூச்சல். வந்தது ஒரு கேள்வி. பின்வரிசை வாங்கிலிருந்து பிலோமினா அக்கா எழும்பினார். "எண்டைக்குத் தம்பி அவை வந்தவையாம்?"

நாளைச் சொன்னேன். மண்டபம் முழுக்க ஆளையாள் பார்த்தது. அந்தோனிப்பிள்ளை அண்ணை ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அப்போதுதான் எனக்குக் கதை விளங்கியது.

பெரியவர்கள் வருகிறார்கள், படம் எடுப்பார்கள் என்று சங்கத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. ஆயர் வந்தால் என்ன செய்வார்களோ அதையே ஊர் செய்திருக்கிறது. கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூட்டினார்கள். வலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் போயிற்று. இறால் கோதையும் கரையில் ஒதுங்கிக் குவிந்துகிடந்த சாதாழையையும் வண்டில் வைத்து ஏற்றினார்கள். அதுவும் போதாதென்று, படத்தில் வடிவாகத் தெரியட்டும் என்று, நல்ல இறால் ஓடுகிற பருவத்தில், ஊன்றியிருந்த களங்கண்டிக் கம்பெல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். தோரணம் கட்டினார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் மிகவும் அழகான இடம் என்று புகழ்ந்து குடித்துவிட்டு, வெறுங்கரையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள்.

"கூட்டித் துடைச்சு எங்கடை வாயிலை நாங்களே மண்ணைப் போட்டிட்டம்" என்றார் பிலோமினா அக்கா. ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு மண்டபமே சிரித்தது. சிரித்து முடிந்தபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அது சிரிப்பின் கண்ணீர் மட்டுமல்ல.

திரும்பி வந்து தடக்கின இடத்தைச் சேருக்குச் சொன்னேன். கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். நான் நினைத்தேன், மேலிடத்துக்கு ஒரு ஆட்சேபனைக் கடிதம் எழுதுவார் என்று. அவர் கடிதம் எழுதவில்லை. "திரும்ப ஒருக்கால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றார். ஆலோசகர் குழு, எங்கள் திணைக்களம், அதோடு தோட்டக்காரர் சங்கமும்.

அந்த நேரம் தோட்டக்காரரும் மீனவரும் ஒருவரையொருவர் கண்டால் தெரு மாறிப் போகிற நிலை. என் அத்தான் என்னோடு கதைப்பதையே விட்டிருந்தார்; நான் மீன்காரர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பது அவர் எண்ணம். அக்கா நடுவில் நின்று படாத பாடு பட்டா.

"அடிபடப் போகினம் சேர்" என்றேன்.

"அடிபடட்டும். ஆனால் ஆளையாள் பாத்து அடிபடட்டும். இப்ப ரண்டு பகுதியும் கடுதாசியோடை அடிபடுகுது" என்றார். சீட்டுப் போடுகிற நாளாகப் பார்த்து வைக்கச் சொன்னார். சீட்டு விழுந்த பிறகுதான், திரும்ப ஊன்றியிருந்த பழைய கம்புகளைப் பிடுங்குவார்கள் என்பதால், அன்றைக்குக் களப்பில் எல்லாம் நின்றபடி நிற்கும்.

என் முழு உத்தியோக காலத்திலும் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், அந்த ஊரைக் கூட்டாமல் வைத்திருந்ததுதான். முதல்நாள் பின்னேரம் போய்ப் பார்த்தால் கடற்கரையில் இரண்டு பேர் சாக்கோடு நிற்கிறார்கள். சும்மா கண்ணுக்கு எடுப்பாகக் கிடக்கிறதை மட்டும் பொறுக்குகிறோம் என்றார்கள். திட்டி அனுப்பினேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை பெயின்ற் வாளியை ஒளித்துக்கொண்டு போனார். பிலோமினா அக்காவைக் கும்பிட்டுக் கேட்டேன், அக்கா, நாளைக்கு ஒருநாள் விளக்குமாற்றைத் தொடாதேயுங்கோ என்று. சரி என்றார். விடிய வந்து பார்க்கிறேன், கரை முழுக்க இறால் கோதும் சாதாழையும் கிழிந்த வலையுமாகக் கிடக்க, அவருடைய முற்றம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

"என்ரை படலைக்குள்ளையாவது என்னை விடும் தம்பி" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வந்தார்கள். தோட்டக்காரர் பஸ் பிடித்து வந்து ஒரு பக்கமாக நின்றார்கள். சேர் சப்பாத்தைக் கழற்றிக் களுசானை மடித்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் களப்புக்குள் இறங்கினார். ஆலோசகர் குழுவின் தலைவரும் இறங்கினார். நல்ல மனிதர், பிழை நடந்ததைக் கேட்டதும் தானாகவே வந்தவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தோனிப்பிள்ளை அண்ணை களங்கண்டியைத் தூக்க, உள்ளே இறால் துள்ளியது. தலைவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கரையிலிருந்து பார்க்கக் கம்பு கம்பாகக் களப்பு முழுவதும் காடு மாதிரித் தெரிந்தது. நடவடிக்கை அவதானிக்கப்பட்டது.

அத்தான் இறங்கவில்லை. கரையில் குவிந்திருந்த சாதாழைக்குப் பக்கத்தில் நின்றார். கடலிலிருந்து ஒதுங்கி வருகிற நீளப் புல் அது. காய்ந்தால் நல்ல உரம். காலால் தட்டிப் பார்த்தார். குனிந்து எடுத்து மணந்து பார்த்தார்.

"இது ஆர் அள்ளுறது?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணை" என்றார் பிலோமினா அக்கா. "காயவிட்டு வைப்பன். லொறியிலை வந்து ஏத்திக்கொண்டு போவினம். எங்கை போகுதோ தெரியாது."

"நீர்வேலிக்கு" என்றார் அத்தான். "என்ரை வாழைக்கு."

வருடக்கணக்காக அவர் அள்ளியதை இவர் அடிமரத்தில் போட்டிருக்கிறார், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

சீட்டு நேரம் வந்ததும் எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போனோம். சுவாமியாருக்குக் காய்ச்சல். வலை இல்லாத கை வேண்டும். அந்தோனிப்பிள்ளை அண்ணை சுற்றிப் பார்த்தார். நான் சேரைக் காட்டினேன், சேர் தலையாட்டி மறுத்துவிட்டு அத்தானைக் காட்டினார். இந்தக் களப்பை அடைக்கச் சொல்லி ஊர்வலம் போன மனிதர் அவர். மண்டபம் ஒருகணம் யோசித்தது. பிறகு யாரோ ஓலைப்பெட்டியை அத்தானிடம் நீட்டினார்கள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கடல்வாய்ப் பாடு யாரோ இளம் பெடியனுக்கு விழுந்தது, கைதட்டல். எடுத்துக்கொண்டே போய் கடைசி ஆட்களில் பிலோமினா அக்காவின் பெயர் வந்தது. விழுந்தது சேற்று மூலை. அத்தானுக்கு அது எது என்று தெரியாது. சனத்தின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். முகம் சுருங்கிப் போயிற்று. சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இதைத் திரும்பப் போட்டு எடுக்கக் கூடாதோ என்று கேட்டார். பாவம், தன் கையால்தான் இப்படி ஆயிற்று என்று மனிதர் தவித்துப்போனார்.

பிலோமினா அக்கா சிரித்தார். "விழுந்தது விழுந்ததுதான் அண்ணை. நீங்கள் என்ன செய்வியள்? களப்பு இருந்தால் வாற வருசம் பாப்பம்."

களப்பு இருந்தால். அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை, அந்த மனிதருக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அத்தான் மிச்சச் சீட்டையும் எடுத்து முடித்துப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மாதக்கணக்கின் பின் என்னோடு கதைத்தார். "எனக்குத் தண்ணி வேணுமடா. பொய் சொல்லேல்லை, வேணும்" என்றார். "ஆனால் உவவின்ரை சீட்டை எடுத்த கையாலை நான் எப்பிடிக் களப்பை அடைக்கச் சொல்லுறது?"

அதன்பின் நடந்தவை மெதுவாக நடந்தன. சினிமாப் படத்தில் வருகிற மாதிரி மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆலோசகர் குழு அந்தப் பகுதியை மாற்றி எழுதிக் கொடுத்தது. வன்னிக்காரர் தங்கள் பக்கத்தில் விடாமல் நின்றார்கள். பெரிய திட்டம் கிடப்பில் போனது. சேரும் அத்தானும் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பின்னேரம் இருந்து வாதாடினார்கள். ஒருநாள் அத்தான் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்க் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, வந்த கையோடு மறுபடி இருந்து வாதாடினார். கடைசியில் சின்னதாக ஒன்று உருவானது. இறால் ஏறாத உட்களப்பு மூலை ஒன்றை மட்டும் அணைகட்டிப் பிரித்து மழைத் தண்ணீரைத் தேக்குவது, மூடிப்போன ஊர்க்குளங்களைத் தூர்வாருவது, கடல்வாயைத் தொடாமல் விடுவது. அணையின் கதவை எப்போது திறப்பது என்பதைத் தோட்டக்காரரும் மீனவரும் கூடி இருந்து தீர்மானிப்பது.

ஆறு வரவில்லை. ஆனால் நீர்வேலி அக்காவின் தேத்தண்ணீரில் உப்புக் குறைந்தது. நான் மீற்றரிலும் அளந்தேன், நாக்கிலும் வைத்தேன். எல்லாக் கிணறும் திருந்தியது என்று சொல்ல மாட்டேன். கிழக்குப் பக்கம் இன்னும் உவர்க்கிறது, அதற்காகக் கூட்டங்களில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். மருமகன் வெளிநாடு போகவில்லை. அப்பனைவிட நன்றாக வாழை வைக்கிறான். அத்தான் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

சுவாமியாருக்குக் காய்ச்சல் மாறியும் சீட்டெடுக்கிற வேலை அத்தானிடமே தங்கிவிட்டது. வருடா வருடம் நத்தார் கழிந்தால் ஒரு வாழைக்குலையோடு பஸ் ஏறிவிடுவார். போன தடவை எனக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். கிணறு வற்றிவிட்டதோ என்று பயந்துபோனேன். "உவ பிலோமினாவுக்குக் கடல்வாய்ப் பாடு விழுந்திட்டுதடா! என்ரை கையாலை!" என்றார். பின்னால் சனம் ஆரவாரிக்கிறது கேட்டது. சேர் இருந்திருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பேன். அவர் போய்ச் சில வருடமாகிறது. செத்தவீட்டில் நான் எழும்பி அவரைப் பற்றி நாலு வார்த்தை சொன்னபோது, எந்த இடத்திலும் குரல் தடக்கவில்லை.

இந்தக் கட்டுரையை இங்கேதான் முடிக்க நினைத்திருந்தேன். எழுதியதைக் கொடுக்கப் போனபோது துஷ்யந்தி ட்ரோன் எடுத்த களப்புக் கரைப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அருமையான படம். ஒவ்வொரு களங்கண்டியும் எண்ணலாம் போல் தெரிந்தது. நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று கணினியே நிறம் அடித்துப் பெயர் போடுமாம். கம்பு நிற்கிற இடமெல்லாம் மீன்பிடி. கோதும் வலையும் கிடக்கிற இடமெல்லாம் கரையோரத் தொழில். நடுவே ஒரு சின்ன வெள்ளைச் சதுரம், சுத்தமாக, ஒரு துரும்பில்லாமல். அதன்மேல் 'பயன்பாடற்ற நிலம்' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என்ன ஐயா என்று கேட்டார். அச்செடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் நின்று சத்தமாக வாசியுங்கள் என்றேன். ஆருக்கு என்றார். போங்கள், விளக்குமாற்றோடு ஒரு அம்மா வருவா என்றேன். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா, சொன்னபடியே போனார்.

அன்று மத்தியானம் பிலோமினா அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. ஆரோ ஒரு பிள்ளை வந்து நின்று, என்ரை முற்றம் வெறுங்காணி என்று கடுதாசியில் வாசித்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு இருவரும் சேர்ந்து இறால் உரித்தார்களாம், சோறு தின்னவிட்டுத்தான் அனுப்பினாராம். தொலைபேசியை வைக்கப் போனவர், ஒன்று மறந்துவிட்டது மாதிரித் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்தமுறை உங்கடை ஆக்கள் வரேக்கை முன்னமே ஒருக்கால் அறிவிக்கச் சொல்லும் தம்பி. கரையைக் கூட்டி வைக்கோணுமெல்லோ."